கட்டிலுக்கு அடியில் கிடக்கும் தையல் மிஷின்

(திருவேங்கடத்தில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடப்படுகிறது.)

ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, தீப்பெட்டி ஆபீஸுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிற அக்காமார்களே, உங்கள் எல்லாருக்கும் முதலில் நன்றி.

இன்றைய கூட்டப்பொருளில் ஐந்தாவதாக இருப்பது தையல் மிஷின் கடன். மொத்தம் 17 மனுக்கள் வந்திருக்கின்றன. எல்லா மனுவிலும் ஒரே வாசகம்தான் எழுதியிருக்கிறீர்கள்: "புதிய மோட்டார் தையல் மிஷின் வாங்குவதற்கு". கடன் கொடுக்கக் கூடாது என்று சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. யாரும் முகம் வாட வேண்டாம். தீர்மானம் போடுவதற்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் அந்த மிஷினைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்றுதான்.

உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க வீட்டில் இருக்கிறதிலேயே வயசான சாமான் எது? ஆட்டுரல், அம்மி, அண்டா என்று சொல்கிறீர்கள். சரி. அதெல்லாம் கல்லும் பித்தளையும். அசையாத சாமான். சக்கரம், ஆணி, பல் எல்லாம் வைத்து ஓடுகிற சாமானில் வயசானது எது? மிக்சி எத்தனை வருஷம் வந்தது? டி.வி. எத்தனை மாற்றியாச்சு? கைப்பேசி இரண்டு, மூன்று வருஷம் தாண்டினால் அதிசயம். யோசித்துப் பார்த்தால் தையல் மிஷினைத் தவிர வேறு எதையும் சொல்ல முடியாது.

போன மாதம் கணக்குப் புத்தகம் பார்க்க ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு கறுப்பு மிஷின். பூ வேலைப்பாடெல்லாம் தேய்ந்து, இரும்பு மட்டும் எண்ணெய்ப் பசையோடு மினுங்கிக்கொண்டு இருந்தது. அந்த அக்காவின் மாமியாருடைய மாமியார் காலத்துச் சாமானாம். கொழும்பிலே கடை வைத்திருந்தவர் ஊர் திரும்பியபோது கொண்டுவந்தது என்று சொன்னார்கள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கொழும்பில் சிங்கர் கம்பெனி 1877-லேயே கடை திறந்துவிட்டது. அடித்தட்டில் ஒரு சின்னத் தகட்டில் எண் இருந்தது. முதலில் ஒய் என்ற ஆங்கில எழுத்து, அதன் பிறகு எண்கள். அந்த எழுத்தை வைத்து மிஷின் பிறந்த ஊரையும் காலத்தையும் சொல்லிவிடலாம். ஒய் என்றால் ஸ்காட்லாந்து நாட்டில் கிளைடுபேங்க் என்ற ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலை, காலம் 1920-களிலிருந்து 1935-க்குள். அந்தத் தொழிற்சாலை 1885-இல் தொடங்கி 1980-இல் மூடப்பட்டுவிட்டது. செய்த இடம் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. செய்த சாமான் நம்ம கரிசல் காட்டுத் திண்ணையில் பாவாடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டு இருக்கிறது.

எப்படி இது முடிகிறது? அந்தக் காலத்து இரும்பு என்று சொல்லுவார்கள். இரும்பும் ஒரு காரணம்தான். வார்ப்பு இரும்பு கனமாக இருக்கும், மிஷின் ஆடாது, ஆடாத மிஷின் தேயாது. ஆனால் அது மட்டும் என்றால் அந்தக் காலத்து இரும்புச் சாமான் எல்லாமே இன்றைக்கு ஓட வேண்டுமே.

மிஷினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விளங்கும். கைத்தையலில் ஊசியின் கண் பின்பக்கம் இருக்கிறது, ஊசி முழுவதும் துணியைத் தாண்டிப் போய் வர வேண்டும். மிஷின் ஊசிக்குக் கண் முனையிலேயே இருக்கிறது. ஊசி துணிக்குக் கீழே இறங்கி, திரும்பக் கொஞ்சம் மேலே எழும்பும்போது மேல்நூல் தளர்ந்து ஒரு சின்ன வளையம் விடும். அந்த நேரம் பார்த்து கீழே இருக்கிற ஷட்டிலின் கொக்கி வந்து அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் டப்பாவைச் சுற்றி இழுத்துவிட்டுப் போகும். மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். ஒரு தையல் முடிந்தது. நூற்றாண்டு ஆனாலும் இதே வேலைதான். இதில் ஒன்றோடு ஒன்று உரசித் தேயுற இடங்கள் கொஞ்சம்தான். உரசுகிற இடத்தில் எல்லாம் எண்ணெய் விட ஓட்டை போட்டு வைத்திருக்கிறார்கள். அதோடு, நம்ம கால்தான் அதை ஓட்டுகிறது. கால் வலித்தால் நிறுத்திவிடுவோம். மிஷின் சூடாகவே ஆகாது.

அதைவிடப் பெரிய விஷயம், தேயுற உறுப்பு எல்லாம் கழற்றிப் போடுகிற உறுப்பு. ஊசி, பெல்ட், பாபின், பாபின் டப்பா, ஷட்டில், துணியைத் தள்ளுகிற பல், டென்ஷன் ஸ்பிரிங், பாபின் சுற்றுகிற இடத்தில் உள்ள ரப்பர் வளையம். ஒரு திருப்புளி இருந்தால் போதும். பசை வைத்து ஒட்டியது எதுவும் கிடையாது.

கழற்றினால் போதுமா, புதிது கிடைக்க வேண்டாமா? இங்கேதான் ஒரு பழைய சங்கதி நமக்கு உதவி செய்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு ஜப்பானில் பல சிறிய கம்பெனிகள் தையல் மிஷின் செய்ய இறங்கின. ஆளுக்கு ஒரு அளவில் செய்யாமல், சிங்கரின் 15-ஆம் நம்பர் மாடலை மாதிரியாக வைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே அளவில் உறுப்புகளைச் செய்தார்கள். ஒரு கம்பெனி ஷட்டில் இன்னொரு கம்பெனி மிஷினுக்குப் பொருந்தும். நம்ம நாட்டிலும் வீட்டு மிஷின்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயின. கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் கம்பெனி செய்த உஷா நமக்கெல்லாம் தெரியும். பஞ்சாபில் லூதியானா என்ற ஊரில் தையல் மிஷினும் அதன் உறுப்புகளும் குடிசைத் தொழில் போலவே நடக்கிறது. அதனால்தான் சங்கரன்கோவில் கடையில் போய் "கறுப்பு மிஷினுக்கு ஒரு பாபின் டப்பா" என்று கேட்டால், என்ன கம்பெனி என்றுகூடக் கேட்காமல் எடுத்துப் போடுகிறார்கள். மிஷினுக்கு ஆயுள் கூடினதற்கு இதுதான் முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

சிங்கர் என்று அடிக்கடி சொல்கிறேன், அவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐசக் சிங்கர் அமெரிக்காவில் நாடக நடிகராக இருந்தவர். 1850-இல் பாஸ்டன் நகரில் ஒரு பட்டறையில் வேறு யாரோ கண்டுபிடித்த தையல் மிஷின்கள் அடிக்கடி பழுதாகி நின்றுகொண்டு இருந்தன. அதைப் பார்த்து, இதை இப்படி மாற்றினால் ஓடுமே என்று யோசித்துச் செய்ததுதான் அவர் மிஷின். 1851-இல் காப்புரிமை வாங்கினார். ஆக, நம்ம மிஷின் பிறந்ததே பழுது பார்க்கிற மேஜையில்தான்!

காந்தியடிகளுக்கும் இந்த மிஷின்மேல் ஒரு பிரியம் உண்டு. 1924-இல் டெல்லியில் ராமச்சந்திரன் என்ற இளைஞர் அவரிடம், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். சில விதிவிலக்கு உண்டு என்று சொல்லி அவர் காட்டிய உதாரணம் சிங்கர் தையல் மிஷின். மனைவி கை நோகத் தைப்பதைப் பார்த்து அன்பினால் சிங்கர் செய்தது என்று அவர் நம்பினார். உண்மையான கதை நான் முதலில் சொன்னதுதான். ஆனாலும் காந்தியின் எண்ணம் சரியானதே: ஆளைத் துரத்திவிட்டு ஓடுகிற மிஷின் வேறு, ஆளின் கையில் இருந்து உதவுகிற மிஷின் வேறு. கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மாவோடு சேர்ந்து 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர்.

இனி நம்ம குழுவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று. தவணை முறை இருக்கிறதே, அதை ஊர் உலகத்துக்கெல்லாம் பழக்கிவிட்டதில் இந்த மிஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு ஒரு மிஷின் நூறு டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்தால் மொத்தமாகக் கொடுக்க முடியாது. சிங்கரின் பங்காளியாக இருந்த வக்கீல் எட்வர்ட் கிளார்க் 1856-இல் ஒரு வழி கண்டுபிடித்தார். கொஞ்சம் முன்பணம் கொடு, மிஷினை வீட்டுக்குக் கொண்டு போ, மாதா மாதம் கட்டு. விற்பனை எகிறிவிட்டது. ஆனால் மிஷின் கெட்டுப்போகாமல் ஓடியதே கம்பெனிக்குத் தலைவலியானது. ஒரு தடவை வாங்கினவர் திரும்ப வரவில்லை. பழைய மிஷினை இன்னொருவருக்கு விற்றுவிட்டால் அந்த ஆளும் கடைக்கு வர மாட்டார். அதனால் பழைய மிஷினைக் கொடுத்தால் 50 டாலர் கழிவு என்று அறிவித்தார்கள். வாங்கிய பழைய மிஷின்களைச் சரிபண்ணி விற்றார்களா? இல்லை. உடைத்துப் போட்டார்கள். நம்ம தெருவில் "பழைய மிக்சி, பழைய குக்கர் எக்ஸ்சேஞ்ச்" என்று மைக் கட்டிக்கொண்டு வருகிற வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1856 ஞாபகம் வரும்.

பல்புக் கம்பெனிகள் செய்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1924-இல் ஜெனீவா நகரில் பெரிய பல்புக் கம்பெனிகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. அதுவரை 1,500 மணி, 2,000 மணி என்று எரிந்த பல்பு இனிமேல் 1,000 மணி நேரம் எரிந்தால் போதும். கூட எரிகிற பல்பு செய்த கம்பெனிக்கு அபராதம்! குறைந்து போனதற்கு இல்லை, கூடிப் போனதற்கு.

ஆனால் ஒன்று. நீண்ட நாள் இருப்பதாலேயே ஒரு சாமான் நல்ல சாமான் ஆகிவிடாது. அமெரிக்காவில் லிவர்மோர் என்ற ஊரின் தீயணைப்பு நிலையத்தில் 1901-லிருந்து ஒரு பல்பு எரிந்துகொண்டு இருக்கிறது. பார்க்க ஆள் வருகிறார்கள். ஆனால் இப்போது அது 4 வாட்டில் மினுக் மினுக்கென்று எரிகிறது. அதன் வெளிச்சத்தில் பிள்ளைகள் படிக்க முடியாது. பழைய குண்டு பல்பு 60 வாட் இழுக்கிற இடத்தில் 9 வாட் எல்.இ.டி. போதும். பழைய குக்கரில் கேஸ்கட், சேப்டி வால்வு மாற்றலாம், அடி உப்பிப் போனால் தூக்கித்தான் போட வேண்டும். பழைய ஒயர் தோல் உரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். தையல் மிஷினைப் பொறுத்தவரை, இன்றைக்கும் அது புது மிஷின் செய்கிற அதே வேலையை அதே சுத்தத்தோடு செய்கிறது. அதனால்தான் அதற்காகப் பேசுகிறேன்.

இப்போது 17 மனுவுக்கு வருகிறேன். மனு கொடுத்த 17 பேரில் 9 பேர் வீட்டில் ஏற்கெனவே மிஷின் இருக்கிறது. நான் ஒவ்வொருவரிடமும் பேசினேன். கட்டிலுக்கு அடியில், பரண் மேலே, ஒரு வீட்டில் ஆட்டுக் கொட்டகையில்கூட இருக்கிறது. அம்மா சீராகக் கொடுத்தது இருக்கிறது, சமூக நலத்துறையின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்ததும் இருக்கிறது. என்ன கோளாறு என்று கேட்டால், "இறுக்கமா இருக்கு", "நூல் அறுந்து அறுந்து போகுது", "தையல் விடுது" என்கிறார்கள். நூல் அறுவதும் தையல் விடுவதும் பாதிக்கு மேல் ஊசிக் கோளாறு. வளைந்த ஊசி, தப்பான நம்பர் ஊசி, ஊசியை முழுசாக மேலே ஏற்றாமல் மாட்டுவது. ஊசி மாற்றினாலே சரியாகிவிடும். இறுக்கம் என்பது கரிசல் புழுதியும் பஞ்சும் பழைய எண்ணெயும் சேர்ந்து கோந்து மாதிரி ஆகிப்போனது. சிலர் அதில் தேங்காய் எண்ணெய் விடுகிறீர்கள். தயவுசெய்து விடாதீங்க. அது உறைந்து பிசின் ஆகிவிடும். மிஷின் எண்ணெய் என்றே தனியாக விற்கிறது, அதை மட்டும் விடுங்க. விட்ட பிறகு ஒரு கழிவுத் துணியில் நாலு வரி தைத்துவிட்டு நல்ல துணியை வையுங்க.

மோட்டார்தான் வேண்டும், கால் வலிக்கிறது என்கிற அக்காமார்கள் இருக்கிறீர்கள். நியாயம்தான். கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்பக்கம் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம். மிஷின் பழையது, மோட்டார் மட்டும் புதியது. மோட்டார் போனாலும் பெல்ட்டை மாட்டிக் காலால் மிதிக்கலாம். கரண்டு போனாலும் அப்படியே.

புது மாடல் வீட்டு மிஷின்களில் பூப்போடுவது, காஜா எடுப்பது என்று நிறைய வசதி இருக்கிறது. சிலவற்றில் உள்ளே சர்க்யூட் பலகை இருக்கிறது, பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஓர் அக்கா வாரத் தவணைக் கடனில் அப்படி ஒன்று வாங்கினார். அதற்கு முன்பணம் கட்ட அம்மா கொடுத்த பழைய மிஷினைப் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போட்டுவிட்டார். பதினான்காவது மாதம் பலகை போய்விட்டது. உள்ளூரில் ஆள் இல்லை, மதுரைக்குக் கொண்டு போ என்றார்கள். கொண்டு போனால் அந்த மாடலுக்குப் பலகை வருவதில்லை என்றார்கள். மிஷின் நின்றது, வாரத் தவணை நிற்கவில்லை.

நம்ம கூட்டமைப்புக் கடன் அவ்வளவு கடுமை இல்லை. இருந்தாலும் கணக்குப் பார்க்க வேண்டும். பேச்சுக்கு 12,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். அசல் மாதம் 500. வட்டி முதல் மாதம் 120, குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 5 ரூபாய். மொத்த வட்டி 1,500. ஆக 13,500. சராசரியாக மாதம் 560 ரூபாய்க்கு மேல். ஒரு ஜாக்கெட்டில் நூல் செலவு போக 100 ரூபாய் கையில் நின்றால், மாதத்தின் முதல் ஆறு ஜாக்கெட் கடனுக்கே தைக்கிறீர்கள். மிஷின் இரண்டு வருஷத்துக்குள் நின்றுபோனால் அந்த ஆறு ஜாக்கெட்டை எதில் தைப்பது?

அதனால் என் யோசனை இது. வீட்டில் மிஷினே இல்லாத எட்டுப் பேருக்கும் இன்றைக்கே தீர்மானம் போடலாம். இவர்களில் புதியம்புத்தூர் மாதிரி ரெடிமேடு ஆர்டர் எடுத்துத் தைக்க நினைக்கிற மூன்று பேருக்கு வீட்டு மிஷின் பத்தாது, பவர் மிஷின்தான் வேண்டும். அவர்களுக்குத் தொகையைக் கூட்டிக் கொடுப்பதுதான் முறை. மிஷின் இருக்கிற ஒன்பது பேரும் முதலில் அதைச் சரிபார்க்கட்டும். பழுது செலவுக்குக் குழு உள்கடனிலேயே எடுத்துக்கொள்ளலாம். சரிபார்த்தும் ஓடாது என்று தெரிந்தால் அடுத்த மாதமே அவர்களுக்கும் தீர்மானம்.

புதிதாக வாங்குகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்க. இதற்கு ஷட்டிலும் பாபின் டப்பாவும் சங்கரன்கோவிலில் கிடைக்குமா? பழுதானால் பார்க்கிற ஆள் எங்கே இருக்கிறார்? பில் தருவீர்களா? பில் இல்லாமல் வாங்கவே கூடாது. மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. கம்பெனிகளின் உதிரி உறுப்பு, சர்வீஸ் விவரங்களை அதில் பார்க்கலாம். புகார் சொல்ல 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது இதெல்லாம் இல்லை. நம்ம பக்கம் கறுப்பு மிஷின் பார்க்கிற மெக்கானிக் ஒரே ஒரு பெரியவர்தான். சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவாரே, அவர்தான். எழுபது வயதைத் தாண்டிவிட்டார். பையன் வெளிநாட்டில் வேறு வேலை. நூறு வருஷம் ஓடின மிஷின் அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த மறு மாதம் பழைய இரும்பாகிவிடும். உறுப்பு கடையில் கிடைக்கும், மாட்டத்தான் ஆள் இருக்காது. பள்ளிச் சீருடை தைக்கிற கூட்டுறவு சங்கத்து உறுப்பினர்களுக்கும் இதே கதிதான்.

அவரிடம் போய்ப் பேசினேன். "பொம்பளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீங்களா தாத்தா?" என்று கேட்டதற்கு, "தைக்கிறதே அவங்கதானம்மா, மிஷின் சத்தத்திலேயே கோளாறு என்னன்னு அவங்களுக்குத் தெரியும். திருப்புளி பிடிக்கத்தான் பயப்படுதாங்க" என்றார். (சிரிப்பு.) நாலு சனிக்கிழமை நம்ம கட்டடத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். ஒரு நாளைக்கு என்ன கூலியோ அதைக் கூட்டமைப்பு கொடுக்க வேண்டும். அதற்கும் இன்றைக்கே தீர்மானம் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழுவுக்கு ஒருவர் வரலாம், எட்டாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியெல்லாம் கிடையாது. நாலு வாரத்தில் முழு மெக்கானிக் ஆகிவிட முடியாது. ஆனால் கழற்றி, சுத்தம் பண்ணி, ஷட்டில் மாற்றி, டென்ஷன் வைக்கத் தெரிந்துவிடும். ஒரு சர்வீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கலாம், அது தையல் கூலிக்கு மேல் ஒரு வருமானம்.

முதல் வகுப்பு வருகிற சனிக்கிழமை காலை பத்து மணி. அந்த ஒன்பது பேரும் மிஷின் தலையை மட்டும் ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கொண்டு வந்தால் போதும். திருவேங்கடத்துக்குள் இருக்கிறவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடு பண்ணியிருக்கிறோம், வெளியூர்க்காரர்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம், பால் வண்டியில் ஏற்றிவிடுங்க, சொல்லி வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு முழம் பழைய வேட்டித் துணி, ஒரு சின்னப் பாட்டிலில் மண்ணெண்ணெய். அடித்தட்டில் இருக்கிற எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க, எந்த வருஷத்து மிஷின் என்று பார்த்துச் சொல்கிறேன்.